நரியோடைப் பாலமும் விழிப்பு மன்றமும்

ஊத்துக்கொல்லைக்குப் பாலம் கட்டி முடித்தாகிவிட்டது. இந்தச் செய்தி ஊத்துக்கொல்லையைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

கல்வராயன் மலை இறங்கி முடிகிற இடத்தில் இருக்கும் ஊர் அது. முப்பத்திரண்டு வீடு. ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் நரியோடை. பத்து மாதம் அதில் ஆட்டுக்குட்டிகூடக் கால் நனையாமல் தாண்டும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் மட்டும், மலையில் பெய்த மழை அத்தனையும் இந்த வழியாகத்தான் போவேன் என்று அடம்பிடிக்கும். போன ஐப்பசியில் குஞ்சம்மாளை ஒரு பெரிய அண்டாவில் உட்காரவைத்து நீந்திக் கடத்தினார்கள். குழந்தை நடு ஓடையிலேயே பிறந்துவிட்டது. ஓடைதான் இரண்டு கிராமத்துக்கும் எல்லை என்பதால் பிறப்பை எந்தக் கிராமத்தில் பதிவது என்று அதிகாரிகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது.

எண்பத்தேழாம் வருஷத்து ஐப்பசியில் பிரசவ முறை கூலிக்காரன் ராசுவின் மனைவி ஜெயம்மாளுக்கு. கச்சிராயபாளையம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கொழந்த குறுக்கால கெடக்குது. வலி எடுத்தா வூட்ல வச்சிக்கினு பார்க்காத. ஒடனே தூக்கிக்கினு வந்துடு. அண்டா கிண்டா எல்லாம் கூடாது."

ராசு விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஆவணி. இன்னும் இரண்டு மாதம். அதற்குள் பாலம் வருமா என்று கேட்டுவர, கள்ளக்குறிச்சியில் மலையோர வழிவசதி வாரியத்தின் அலுவலகத்துக்குப் போனான். உதவிப் பொறியாளர் இளஞ்செழியன் ஒரு தடித்த கோப்பைப் புரட்டி, முகம் மலர்ந்தார்.

"நரியோடைப் பாலம்தானே? பங்குனியிலயே முடிச்சாச்சே."

"எங்கீங்க?"

"இன்னாய்யா, உங்க ஊர்லதான்."

"நான் அங்கருந்துதாங்க வரேன்."

"சரி, வர்றப்ப ஓடைய எப்படித் தாண்டின?"

"எறங்கி நடந்து வந்தேங்க."

இளஞ்செழியன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இதான்யா உங்ககிட்ட பிரச்சன. அரசாங்கம் எவ்ளோ பாடுபட்டுப் பாலம் போட்டுக் கொடுக்குது. நீங்க இன்னும் ஓடையில எறங்கி நடந்துக்கினு இருக்கீங்க. பழக்கத்த மாத்திக்கணும்."

ராசு வெளியே வந்து, கொஞ்ச நேரம் உண்மையிலேயே தன் மேல்தான் தவறோ என்று யோசித்தான். வழியில் பாலம் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டோமா? ஓடைக்கரையில் ஒரு கள்ளிப்புதர் உண்டு. அதற்குப் பின்னால் அவன் பார்த்ததில்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு பாலத்தை மறைக்க முடியுமா?

அலுவலக வாசலில் டீ விற்றுக்கொண்டிருந்தவர்தான் வழி சொன்னார். "பொதுநிதி விழிப்பு மன்றம்னு ஒன்னு கீது. அரசாங்கப் பணம் எங்க போவுதுன்னு கண்காணிக்கிறாங்க. பேண்டுசெட்டுக்காரரு ராஜாங்கம் கடை மாடியில. போய்ப் பாரு."

ராஜாங்கம் உண்மையில் பேண்டுசெட்டுக்காரர் அல்ல. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். மன்றத்தின் செயலாளரும் அவர்தான். இதனால் மன்றத்தின் கூட்டங்கள் நான்கு பேர் வந்தாலும் நாலு குழாய் ஒலிபெருக்கியோடுதான் நடக்கும். தலைவர் அரங்கநாதன், தியாகதுருகத்துக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மற்ற உறுப்பினர்கள் சின்னசேலத்திலிருந்தும் மணலூர்பேட்டையிலிருந்தும் வருவார்கள். எந்த ஊர் பஸ்ஸும் நேரத்துக்கு வராது. ஆகவே கூட்டம் எப்போதும் ஒரே மாதிரி தாமதமாகத் தொடங்கும். அந்த ஒழுங்கைப் பற்றி மன்றத்துக்குப் பெருமை உண்டு.

ராசு போன நேரம் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைவர் மூன்றடி தூரத்திலிருந்த மூன்று பேரிடம் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார்.

"நண்பர்களே! நாம் அரசாங்கத்தின் மீது ஒரு கண் வைத்திருக்கிறோம். அந்தக் கண்ணுக்கு வேண்டிய கண்ணாடியை அரசாங்கமே வாங்கித் தந்திருக்கிறது. இதைவிட மக்களாட்சிக்கு வேறென்ன வேண்டும்?"

கண்ணாடி என்று அவர் சொன்னது, வாரியம் ஒவ்வொரு வேலைக்கும் ஒதுக்குகிற தொகையிலிருந்து மன்றத்துக்குக் கொடுக்கும் கண்காணிப்புப் படியை. ஒரு பாலம் என்றால், பாலத்துக்கு முன்னால் அது எடுக்கப்பட்டுவிடும். பாலம் வருவதற்குள் கண் கெட்டுப் போய்விடக்கூடாது அல்லவா?

ராசு கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். பாலம் கட்டியாச்சுன்னு சொல்றாங்க, ஆனா அங்க பாலம் இல்லீங்க, நீங்க ஒரு தடவ வந்து பார்த்தா நல்லா இருக்கும்ங்க, ஐப்பசியில சம்சாரத்துக்குப் பிரசவம்.

மன்றத்தில் சந்தோஷமான சலசலப்பு. ஆரம்பித்து மூன்று வருஷத்தில் முதன்முதலாக ஒரு ஆள் புகார் கொண்டுவந்திருக்கிறான்.

"பாலம் இல்லை என்பதற்கு ஆதாரம்?" என்றார் அரங்கநாதன்.

"அங்க இல்லீங்க, அதாங்க ஆதாரம்."

"இல்லாத ஒன்றைக் காட்டி அது இல்லை என்று எப்படி நிரூபிப்பது? தர்க்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?"

"நேர்ல வந்து பார்த்தீங்கன்னா..."

"தம்பி," ராஜாங்கம் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார், "பாலத்தைப் பார்க்கிறது எஞ்சினியர் வேல. நாங்க பணத்தைப் பார்க்கிறவங்க. பணம் போனது கோப்புல கீது. நாங்க பார்த்துட்டோம். நல்லாத்தான் போயிருக்குது."

ஆனாலும் முதல் புகார். விட மனசில்லை. பாலம் பார்க்கும் துணைக்குழு ஒன்றும், அந்தத் துணைக்குழு ஒழுங்காகப் பார்க்கிறதா என்று பார்க்க ஒரு மேற்பார்வைக் குழுவும் அமைக்கப்பட்டன. இரண்டிலும் அதே நான்கு பேர். ராசு 'மக்கள் பிரதிநிதி'யாக நியமிக்கப்பட்டான். அவன் சட்டையில் ஒரு காகித அட்டை குத்தப்பட்டது. ஊருக்குத் திரும்பியபோது அவன் மாமியார் இருசம்மாள் அட்டையை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? எங்கியாவது ஏலம் வுட்டாங்களா உன்ன?"

*

களப்பயணம் புரட்டாசி தொடக்கத்தில் என்று முடிவானது. அதற்கு முன்பு எப்படிக் கண்காணிப்பது என்று மன்றம் தனக்குத்தானே இரண்டு நாள் பயிற்சி கொடுத்துக்கொண்டது. வேன் கிளம்பிய நாள், இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின் சாலை மறியல் தொடங்கிய நாளாகவும் இருந்தது. ஊத்துக்கொல்லைக்குக் கொஞ்ச தூரம் முன்னால், சாலையோரத்துப் பெரிய புளியமரம் ஒன்று குறுக்கே வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஏழெட்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அரங்கநாதன் இறங்கிப் போனார். பின்னாலேயே ராஜாங்கம் ஒலிபெருக்கியை இறக்கினார்.

"தம்பிகளே, நாங்கள் மக்கள் பணத்தைக் கண்காணிக்கிறவர்கள். எங்களுக்கு வழி விட வேண்டும்."

மரத்தின் மேலிருந்த ஒருவன் மரியாதையாக எழுந்து நின்றான். "சார், நாங்க படிப்புக்கும் வேலைக்கும் பங்கு கேட்டு வழிய மறிச்சிக்கினு கீறோம். நீங்க இதுவரைக்கும் எதையாவது மறிச்சிருக்கீங்களா?"

அரங்கநாதன் யோசித்தார். "இல்லை. நாங்கள் கவனிப்போம்."

"அப்ப இங்க குந்திக்கினு எங்களக் கவனிங்க சார். மோரு தரோம்."

மன்றத்தார் மோர் குடித்தார்கள். புளியமரத்தடியில், அதாவது சாய்ந்த புளியமரத்தின் பக்கத்தில், கூட்டம் போட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள்: 'களப்பயணம் புளியமரம் வரை வெற்றிகரமாக நடைபெற்றது.' அன்றைய படி முழுசாகப் பெறப்பட்டது.

ராசு ஊர்ப்பக்க ஓடைக்கரையில், அட்டையைக் குத்திக்கொண்டு, சாயந்திரம் வரை நின்றிருந்தான்.

மறியல் ஒரு வாரத்தில் முடிந்தது. வெட்டிய மரங்களை ஓரமாக உருட்டிவிட்டு பஸ் ஓட ஆரம்பித்தது. புளியமரம் சாலையோரம் அப்படியே கிடந்தது. அதை அகற்ற வேண்டியது யார் என்று இரண்டு துறைகள் கடிதம் எழுதிக்கொண்டன. புரட்டாசி பாதி போய்விட்டது. ஜெயம்மாளுக்குக் குனிய முடியவில்லை.

ராசுவின் பக்கத்து வீட்டுக்காரன் ஆதிமூலம்தான் முதலில் சொன்னான். "ஏண்டா, அந்த மரம் சும்மாத்தானே கீது?"

நான்கு ஜோடி மாடு பூட்டினார்கள். கிளை கழித்து, ஒரு பகல் முழுக்க இழுத்து, ஓடையின் இரண்டு கரைக்கும் மேல் உயரமாகக் கல் அடுக்கி அடிமரத்தைப் படுக்கவைத்தார்கள். மேல்பக்கத்தைக் கோடாலியால் செதுக்கிச் சமன் செய்தார்கள். முதலில் நடந்து போனது இருசம்மாள். நடுவில் நின்று இரண்டு தடவை குதித்துப் பார்த்தாள்.

"ஆடல. ஒங்க எஞ்சினியரு ஆடுற அளவுக்குக்கூட ஆடல."

*

அடுத்த வாரம் மன்றம் உண்மையிலேயே வந்துவிட்டது. வேன், பேனர், நாலு குழாய், கூடவே உதவிப் பொறியாளர் இளஞ்செழியன். பாலம் இல்லை என்று நிரூபணம் ஆகுமோ என்ற பயத்தில் அவர் முகம் வெளுத்திருந்தது. ஓடைக்கரையை எட்டிப் பார்த்ததும் அந்த முகத்தில் ரத்தம் ஓடியது. பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார்.

"முப்பத்தோரு அடி! மதிப்பீட்டுல முப்பதுதான். ஒரு அடி ஜாஸ்தியா கட்டிக் கொடுத்திருக்கோம்."

"அது புளியமரம்ங்க," என்றான் ராசு.

"மரத்தால ஆனதுன்னு சொல்லு. பாலம் எதால ஆனதுன்னு கோப்புல எங்கியும் எழுதல." பிறகு குழாயில் ஊருக்கே கேட்கும்படி பேசினார்: "மக்கள் பணத்தில் ஒரு பைசாகூட மக்களுக்குத் தெரியாமல் செலவாகக் கூடாது என்பது எங்கள் கொள்கை. அதனால்தான், தெரியப்படுத்துவதற்கே பாதிப் பணத்தைச் செலவழிக்கிறோம்!"

மன்றத்தார் கைதட்டினார்கள். கைதட்டிக்கொண்டிருந்த ராஜாங்கத்தின் கண் அடிமரத்தின் பக்கவாட்டில் விழுந்தது. வெள்ளைப் பட்டை அடித்து, அதில் கறுப்பில் ஓர் எண். சாலையோர மரங்களுக்கு அரசாங்கம் போடுகிற எண்.

அவர் கை நின்றுவிட்டது. குழாயைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார். "தலைவரே! இது பொதுச்சொத்து!"

மன்றத்தார் அத்தனை பேரும் அந்த எண்ணைச் சுற்றிக் குனிந்தார்கள். மூன்று வருஷம். எத்தனை கட்டிடம், எத்தனை சாலை, எத்தனை கிணறு கண்காணித்தார்கள்! எல்லாம் ஒழுங்காகவே இருந்திருக்கின்றன. இன்றைக்குத்தான், முதல் முறையாக, பொதுச்சொத்து ஒன்று தவறான கைக்குப் போயிருப்பதை மன்றம் தன் கண்ணால் கண்டுபிடித்திருக்கிறது. அரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராசுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப நன்றி தம்பி. நீ இல்லையென்றால் இது வெளியே வந்திருக்காது."

"எதுங்க?"

"நீ செய்த முறைகேடு."

இளஞ்செழியன் விடவில்லை. அது மரம் அல்ல, பாலம் என்றார். ராஜாங்கம், அது பாலம் அல்ல, மரம் என்றார். ஒரு மணி நேரம் குழாயில் வாதம் நடந்தது. மாடுகள் கலைந்து ஓடின. கடைசியில், ஐப்பசி பத்தாம் தேதி ஓடைக்கரையில் பொது விசாரணை வைத்து முடிவு செய்வது என்றும், அதுவரை 'சர்ச்சைக்குரிய பொருள்' மீது யாரும் கால் வைக்கக்கூடாது என்றும் தீர்மானமானது. சாலைப்பக்க நுனியில் ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பி வலை அடித்து, அதன் மேல் கருவேல முள்ளை அடர்த்தியாகக் கட்டி, பூட்டுப் போட்டார்கள். சாவி தலைவரிடம். மரத்தின் மேல் ராசு நடமாடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மக்கள் பிரதிநிதி ராசுவிடம் ஒப்படைக்கப்பட்டது. சம்பளம் கிடையாது. சேவை.

*

ஐப்பசி பத்தாம் தேதி காலையில் மலை உச்சி தெரியவில்லை. அங்கே விடியற்காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு நரியோடை செம்மண் நிறத்தில் உறுமிக்கொண்டு ஓடியது. மரத்துக்கு ஒரு முழம் கீழே தண்ணீர்.

எட்டரைக்கு ஜெயம்மாளுக்கு வலி எடுத்தது.

மூங்கிலில் சேலையைத் தூளியாகக் கட்டி அவளைப் படுக்கவைத்தார்கள். முன்னால் ராசு, பின்னால் ஆதிமூலம், பக்கத்தில் இருசம்மாள். ஓடைக்கு வந்தபோது அக்கரையில், சாலைப்பக்கம், பந்தல் போட்டு மன்றம் உட்கார்ந்திருந்தது. விசாரணை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அரங்கநாதன் வரவேற்புரையில் இருந்தார்.

"வேலியப் பிடுங்குங்க சாமி!" என்று இருசம்மாள் இந்தப் பக்கமிருந்து கத்தினாள். "புள்ளைக்கு வலி வந்துடுச்சி!"

ஓடைச் சத்தத்தில் அவள் குரல் போய்ச் சேர நேரமானது. பதில் நாலு குழாயில் உடனே வந்தது.

"அம்மா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் இது மரமா, பாலமா என்று முடிவாகாமல் எப்படிப் பிடுங்குவது? பாலம் என்றால் வேலி போட்டது எங்கள் தவறு. மரம் என்றால் அதை இங்கே போட்டது உங்கள் தவறு. நிகழ்ச்சி நிரலில் அது ஐந்தாவது பொருள். இப்போது ஒன்றில் இருக்கிறோம்."

"ஒன் நிரல்ல இடி வுழ!"

தூளிக்குள்ளிருந்து ஜெயம்மாளின் கத்தல் வந்தது. ராசு மூங்கிலைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டான்.

"எதுன்னு சொன்னா வேலிய எடுப்பீங்க?"

அக்கரையில் குசுகுசுவென்று பேசினார்கள். இளஞ்செழியன் எழுந்து குழாயைப் பிடித்தார். "பாலம்னு சொன்னா."

"அப்ப பாலம்ங்க!"

"கட்டி முடிக்கப்பட்டதா?"

"முடிச்சாச்சுங்க!"

"யாரால்?"

"நீங்கதாங்க கட்னீங்க!"

"தரம்?"

"நல்லா கீதுங்க! வேலிய எடுங்க!"

"வாயால் சொன்னால் போதாது," என்றார் அரங்கநாதன். "பயனாளி நிறைவுச் சான்றில் கையெழுத்து வேண்டும்."

கையெழுத்து வாங்க யாராவது மரத்தின் மேல் வரவேண்டும். சர்ச்சைக்குரிய பொருள் மீது கால் வைக்க மன்றத்தார் யாரும் தயாராக இல்லை. விதி விதிதான். ராஜாங்கம் படிவத்தையும் பேனாவையும் ஒரு பாலிதீன் பையில் சுருட்டி, ஒரு கல்லைக் கட்டி, ஓடைக்கு மேலாக வீசினார். முதல் படிவம் தண்ணீரில் போயிற்று. தூளியைக் கரையில் இறக்கிவைத்தபோது இரண்டாவது ஆதிமூலத்தின் முட்டியில் பட்டது.

ஆதிமூலம் படித்தவன், எட்டாவது வரை. படிவத்தைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான். "டேய், இதுல கையெழுத்துப் போட்டன்னா கணக்கு முடிஞ்சிச்சி. இனிமே நம்ம ஊருக்குப் பாலமே வராது. எப்பவும் வராது."

"தெரியும்டா," என்றான் ராசு. "குனி. ஒன் முதுவுல வச்சி எழுதறேன்."

எழுதினான். கல்லைக் கட்டித் திருப்பி எறிந்தான். அது அரங்கநாதனின் காலடியில் விழுந்தது. அவர் கையெழுத்தைச் சரிபார்த்தார். தேதி போடவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். இருசம்மாள் இந்தப் பக்கம் குனிந்து, இன்னொரு கல்லை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் தேதியைத் தானே போட்டுக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

முள்ளைப் பிரித்தார்கள். முன்னால் ராசு, நடுவில் தூளி, பின்னால் ஆதிமூலம், அவன் இடுப்பைப் பிடித்தபடி இருசம்மாள். ஒரு அடி, ஒரு அடியாக. தண்ணீர் அடிமரத்தின் வயிற்றை நக்கியது. நட்டநடுவில் ராசுவின் கால் ஒரு தடவை வழுக்கியது. அக்கரையில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று மன்றம் ஒருமனதாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

சாலையில் ஏறியதும் ராசு வேனைப் பார்த்தான். வேன் டிரைவர் எந்தக் குழுவிலும் உறுப்பினர் இல்லை. ஆகவே யாரையும் கேட்காமல் கதவைத் திறந்தார்.

வேன் கிளம்புகிற சத்தத்துக்கு மேல் குழாய் முழங்கிக்கொண்டிருந்தது. நரியோடைப் பாலம் மக்களின் பயன்பாட்டுக்கு வந்துவிட்டதை மன்றம் நேரில் கண்டு உறுதி செய்தது. சான்று முறைப்படி பெறப்பட்டது. பாலத்தில் முதல் நோயாளி கடந்து சென்ற காட்சி உள்ளத்தை உருக்குவதாக இருந்தது.

*

மூன்றாம் நாள் பெரிய வெள்ளம் வந்து அடிமரத்தைக் கொண்டுபோயிற்று.

தண்ணீர் வடிந்த பிறகு இளஞ்செழியனும் அரங்கநாதனும் முழங்கால் வரை வேட்டியையும் பேண்டையும் சுருட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி, நடந்து, ராசுவின் வீட்டுக்கு வந்தார்கள். கட்டி முடிக்கப்பட்ட பாலம் எப்படிப் போயிற்று என்று வாரியம் விளக்கம் கேட்டிருந்தது. ராசு கூலிக்குப் போயிருந்தான். ஜெயம்மாள் உள்ளே படுத்திருந்தாள். வாசலில் இருசம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, கால் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை. தொண்டை நன்றாக இருந்தது.

"பாலம் அடிச்சிக்கினு போனதுக்குக் காரணம் அதிக பாரம்னு எழுதறோம்மா," என்றார் இளஞ்செழியன், படிவத்தை முட்டியில் வைத்துக்கொண்டு. "ஒரே நேரத்துல மூணு பேருக்கு மேல போகக் கூடாது. சான்றுக்குப் பின்பக்கம் அச்சடிச்சிருந்தோம்."

"சாட்சிக்கு நானே இருந்தேன்," என்றார் அரங்கநாதன் வருத்தத்தோடு. "மன்றம் எதையும் மறைக்க முடியாது. அன்றைக்கு எத்தனை பேர் போனீர்கள்?"

இருசம்மாள் குழந்தையைத் திருப்பிப் போட்டாள். "மருமவன், ஆதிமூலம், எம் பொண்ணு, நான்."

"நாலு," என்று இளஞ்செழியன் எழுதினார்.

"அஞ்சுன்னு போடுய்யா," என்றாள் இருசம்மாள். "இதும்தான் வந்திச்சி."

இளஞ்செழியன் நாலை அடித்து ஐந்து என்று திருத்தினார். அடித்த இடத்தில் அரங்கநாதன் சுருக்கொப்பம் வைத்தார்.